மாற்று ஆசிரியருக்கும் அவசரப் பொத்தான் வேண்டும்

டெக்சாஸில் மாற்று ஆசிரியராக வேலை செய்கிறேன். இன்று ஒரு பள்ளி, நாளை வேறொன்று. சென்ற ஆண்டு நான்காம் வகுப்பு ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவனுக்கு வலிப்பு வந்துவிட்டது.

அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் கழுத்தில் பொத்தான் பொருத்திய அட்டை அணிவார்கள். அழுத்தினால் எந்த அறையில் ஆபத்து என்பது அலுவலகத்துக்கு உடனே தெரியும். தொடர்ந்து பலமுறை அழுத்தினால், கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும்படி பள்ளி முழுவதும் அறிவிக்கப்படும். விடுப்பில் இருந்த ஆசிரியரின் அட்டையோ அவர் வீட்டில். சிறுவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, ஒரு மாணவியைப் பக்கத்து அறைக்கு ஓடச் சொன்னேன். அங்கிருந்த ஆசிரியை பொத்தானை அழுத்தினார், செவிலியர் விரைந்து வந்தார், பையன் தேறிவிட்டான்.

அதுவே துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்த நேரமாக இருந்தால், எந்தக் குழந்தையை நான் வெளியே அனுப்பியிருப்பேன்? அன்று இரவு தூக்கமே வரவில்லை.

2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட 17 பேரில் அலிசா அல்ஹடெஃப் என்ற 14 வயதுப் பெண்ணும் ஒருத்தி. அவளுடைய தாய் லோரி விடாமல் குரல் கொடுத்ததால்தான், பள்ளிகளில் அவசர அழைப்பு வசதி வேண்டும் என்னும் 'அலிசா சட்டம்' 2019இல் நியூ ஜெர்சியிலும் 2020இல் ஃபுளோரிடாவிலும் வந்தது. டெக்சாஸ் 2023இல் வகுப்பறைதோறும் ஓசையில்லா அவசர அழைப்பு வசதியைக் கட்டாயமாக்கியது. வகுப்பறை என்றால் அன்று அங்கே நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் சேர்த்துத்தானே?

கருவி மட்டும் போதாது என்பதை இதே மாநிலத்தின் யுவால்டி நகரம் காட்டியது. 2022இல் துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த அந்தப் பள்ளியில் எச்சரிக்கைச் செயலி இருந்தது. ஆனால் வைஃபை சரியில்லை. வேறு காரணங்களுக்காக அடிக்கடி எச்சரிக்கை வந்து அதன் அவசரமே மங்கிப்போயிருந்தது.

கல்வி வாரியக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கேட்டு இதையெல்லாம் சொன்னேன். செலவைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. வலிப்பு வந்த சிறுவனின் தாய் தானாகவே எழுந்து பேசிய பிறகு யாரும் மறுக்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளியில் காலையில் அறைச் சாவியோடு அட்டையையும் கொடுத்து, ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் போகும் மற்ற பள்ளிகளில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் மாற்று ஆசிரியருக்கும் உணவுக்கூடப் பணியாளருக்கும் இது கிடைக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள்.