மறு: மறு: 'ஸ்லிப்' வழுக்கலா, நழுவலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

சேலம், பாலிடெக்னிக் ஆசிரியை:

வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறினால் காரணம் கண்டுபிடிப்பது எப்படி என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்று மாணவர்களுக்காக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்லிப்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் கியர் பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாது. அந்த வேக வித்தியாசம்தான் ஸ்லிப். அது இல்லாவிட்டால் கியரில் நிற்கும் வண்டியின் எஞ்சின் அணைந்துவிடும். தேய்ந்த கிளட்ச் தகடு பிடிக்காமல் போவதற்கும் ஸ்லிப் என்றுதான் பெயர், அது பழுது. நான் இரண்டுக்கும் 'வழுக்கல்' என்று போட்டுவந்தேன். போன தேர்வில் பாதி வகுப்பு 'கன்வெர்ட்டர் வழுக்குகிறது, மாற்ற வேண்டும்' என்று எழுதியிருக்கிறது.

ஏற்காடு அடிவாரம், பட்டறை:

டீச்சர், எங்களிடம் 'ஸ்லிப் அடிக்குது' என்றால் பழுதுதான். கன்வெர்ட்டரில் நடப்பதற்குப் பெயரே கிடையாது; ஸ்கேனரில் எண்ணாகப் பார்ப்போம்.

போன ஞாயிறு ஒரு வண்டி. ஏழு பேர், கூரைமேல் சாமான். ஏற்காட்டுக்கு ஏறும்போது பதினான்காவது வளைவில் எச்சரிக்கை விளக்கு. எண்ணெய்ச் சூடு 126 டிகிரி. 80, 90க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. ஸ்கேனரில் பி0218 என்று பழுதுக் குறியீடு விழுந்திருந்தது. எண்ணெய் சூடு மீறியது என்று மட்டும்தான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது, கருகல் வாடை. கிளட்ச் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

சமதளத்தில் ஓமலூர் ரோட்டில் 80ல் ஓட்டினோம். கன்வெர்ட்டரின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கப் விழுந்ததும் இரண்டின் வேகமும் ஒன்றாகிவிட்டது. கியர் எதிலும் எஞ்சின் தனியாக உறுமவில்லை. ஆக கிளட்ச் நல்ல கிளட்ச். மலையில் கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி 20, 25ல் ஏறும்போது லாக்கப் விழாது. வேக வித்தியாசம் அத்தனையும் சூடாகி எண்ணெயில் இறங்கும். அதை வாங்கி வெளியே விட வேண்டிய கூலரைப் பார்த்தால் புழுதி, பூச்சி, காய்ந்த புல் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருந்தது. கழுவி, எண்ணெய் மாற்றி, அதே பாரத்தோடு ஏற்றினோம். 98ஐத் தாண்டவில்லை.

அதனால் இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே சொல் இருந்தால் நல்ல கியர்பாக்ஸைக் கழற்றிப் போடுவார்கள்.

ஆத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பட்டறைக்காரர் தம்மை அறியாமலே இலக்கணம் பேசிவிட்டார். 'வழு' என்ற வேரைப் பாருங்கள்: வழுவழுப்பு, வழும்பு, இளநீர் வழுக்கை, வழுக்கு மரம். பிடிப்பு இல்லாததெல்லாம் வழு. நிலையிலிருந்து பிசகுவதும் வழு. இலக்கணத்தில் அது ஏழு வகை. ஆனால் காரணத்தோடு வரும் வழுவை நம் முன்னோர் குற்றமாக எண்ணாமல் 'வழுவமைதி' என்று ஏற்றுக்கொண்டார்கள். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உவப்பால் வந்த திணை வழுவமைதி. கன்வெர்ட்டரில் நடப்பதும் அதுவே. ஆகவே பழுது 'வழு', கன்வெர்ட்டரில் இருப்பது 'வழுவமைதி'. கூடவே டார்க் கன்வெர்ட்டரை 'முறுக்குமாற்றி' ஆக்கிவிடலாம்.

ஓமலூர், இப்போது பெங்களூர், மென்பொருள்:

ஐயா, அருமை. ஆனால் 'வழு' எங்கள் துறையில் ஏற்கனவே மென்பொருள் பிழைக்குப் போய்விட்டது. இன்றைய காரில் கியர்பாக்ஸை ஆட்டிவைப்பதே மென்பொருள்தான். 'கியர்பாக்ஸில் வழு' என்றால் எதைக் கழற்றுவது?

சங்ககிரி, லாரித் தொழில்:

முறுக்குமாற்றியா? சேலத்தில் இதைச் சொன்னால் தட்டுவடை செட்டில் தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்துத் தருவான்.

ஆத்தூர்:

சிரிக்கலாம். ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டால் தமிழில் கையேடு எதற்கு?

சங்ககிரி:

மலையில் நெடுஞ்சாலைக்காரர்கள் 'கொண்டை ஊசி வளைவு' என்று எழுதி 1 முதல் 20 வரை எண் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஆக்கிய சொல்தான். எந்த டிரைவரும் அகராதியைத் தேடவில்லை, ஏனென்றால் வளைவு கண் முன்னால் இருக்கிறது. வழுவமைதியைப் பார்த்தால் எந்தப் பையனுக்கு எண்ணெய் நினைவு வரும்?

சேலம், ஆசிரியை:

வியாழன் இரவு மணி பதினொன்று. 31 மடல், அதில் ஒன்பது 'வெப்பம்' தமிழா என்பதைப் பற்றி. அதை இன்னொரு நாள் பார்க்கலாம். கன்வெர்ட்டரில் இயல்பாக இருப்பது 'நழுவல்', கிளட்ச் பழுது 'வழுக்கல்' என்று ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். அதையே போடுகிறேன். கிளட்ச், கன்வெர்ட்டர் அப்படியே இருக்கும். பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் சோதனையை 5 நொடிக்கு மேல் நீட்டக் கூடாது, அப்போது எல்லாமே நழுவல், எல்லாமே சூடு என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் சரியாகத்தான் நிற்கிறது.

ஆத்தூர்:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். நழுவுவது கடமையிலிருந்து தப்புகிறவன் செயல். கன்வெர்ட்டர் கடமையைச் செய்கிறது. நல்லவேளை, என் வண்டி கையால் கியர் போடுவது. அதில் நழுவலும் இல்லை, வழுக்கலும் இல்லை.

சங்ககிரி:

ஐயா, வீட்டு வாசலில் கிளட்சை மெதுவாக விட்டு வண்டியைக் கிளப்புகிறீர்களே, அந்த இரண்டு நொடி என்ன நடக்கிறது?