டோர்ட்முண்ட் கால்பந்து மைதானத்தில் இரண்டு இருக்கை கிடைக்குமா?

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 11 முதல் 26 வரை நானும் மகனும் ஜெர்மனியில், ஹம் நகர அக்கா வீட்டில் நிற்போம். விசா வந்துவிட்டது, போட்டி டிக்கெட்தான் இல்லை. 81,365 பேர் கொள்ளும் மைதானம். தெற்குப் பக்கம் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்றபடியே பாடும் அந்த மஞ்சள் சுவர். மகனுக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டுமாம்.

டோர்ட்முண்ட் கழகத்தின் இணையதளத்தில் இரண்டு தடவை முயன்றேன், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுவிற்பனைத் தளம் ஒன்றில் மூன்று மடங்கு விலைக்கு வாங்கினேன். பத்து நாளில் அவர்களே ரத்துச் செய்தார்கள், காசு இன்னும் வரவில்லை. அக்காவுக்குத் தெரிந்தவர்களிடமும் சீசன் டிக்கெட் இல்லை. பக்கத்து போஹும் மைதானத்துக்குப் போவோமா என்றால் மகன் முகத்தைத் திருப்புகிறான்.

உறுப்பினராகாமல், நியாயமான விலையில் அங்கே டிக்கெட் எடுத்தவர்கள் எந்த வழியில் எடுத்தீர்கள்?