பொருள்: ‘ஈஸ்’ – தையல் வகுப்புக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

பின்னல் துணியில் தொளதொள ஸ்வெட்டர் தைக்கும் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி) ஒன்றின் விளக்கத்தாளைத் தையல் வகுப்புக்காகத் தமிழாக்குகிறோம். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ‘ஈஸ்’ என்ற சொல் மட்டும் நிற்கிறது. மார்புச் சுற்று 36 அங்குலம், தைத்து முடித்த ஸ்வெட்டரின் சுற்று 46. இடையிலுள்ள 10 அங்குலம்தான் ஈஸ். ‘லூஸ்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த 10 பேட்டர்னுக்குள்ளேயே இருப்பது தெரியாமல், லூசாக வேண்டுமென்று இரண்டு சைஸ் கூட்டி வெட்டிவிடுவார்கள். தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கும், கழுத்து வாய் பிளக்கும். கழுத்துப் பட்டிக்கும் இதே சொல் பொருந்த வேண்டும். கழுத்து 22 அங்குலம் என்றால் பட்டியை 18¾ தான் வெட்டுகிறோம். அங்கே ஈஸ் கழித்தலில் போகிறது.
– அம்பத்தூர்

---

நெகிழ்வு. வேறு தேட வேண்டாம். ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது குறள் (1236). தோள் மெலிகிறது, தொடி, அதாவது வளையல், மாறவில்லை. உடலளவுக்கும் அணிந்ததன் அளவுக்கும் வித்தியாசம் கூடுகிறது. நீங்கள் கேட்பது இதே பொருள்தான். தைப்பதற்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு: துன்னம். சிலம்பின் புகார் நகரத்தில் துன்னகாரர் இருக்கிறார்கள். முல்லைப்பாட்டின் யவனர் மெய்ப்பை அணிந்து வருகிறார்கள். மெய்க்குப் பை! ஸ்வெட்டருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?
– மயிலாப்பூர்

---

ஐயா, குறள் விளக்கம் அருமை. ஆனால் வகுப்பில் ‘நெகிழ்வு’ என்றால் துணி இழுபடுவதைத்தான் நினைப்பார்கள். அதே தாளில் இழுவைச் சோதனையும் வருகிறது: துணியை மடித்து 4 அங்குலம் குறித்து இழுத்தால் 5 வரை வர வேண்டும், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் துணி வாங்கும்போதே தவறு நடக்கும். கோடவுன் தெருவில் மெய்ப்பைக்குத் துணி கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துத் தருவார்?

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பட்டியைக் குறைத்து வெட்டுவது ஈஸ் அல்ல. அது துணிக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசம். ஈஸ் என்பது உடலுக்கும் உடைக்கும் உள்ளது. கழித்தல் ஈஸுக்கு லெகிங்ஸைச் சொல்லுங்கள்: இடுப்பு 38, தைத்த அளவு 34. பட்டிக்கு ‘பட்டிக் குறைப்பு’ போதும். கழுத்தையும் பட்டியையும் நான்காக மடித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி ஊசி குத்தி, பட்டியை மட்டும் இழுத்துத் தைக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். கழுத்தையும் சேர்த்து இழுத்தால் அலை அலையாக நிற்கும்.
– பெரம்பூர்

---

தையற்காரர்கள் ‘ரெண்டு இஞ்ச் விட்டு வெட்டு’ என்கிறார்கள். அந்த ‘விடு’வையே பிடிப்போம். விடுப்பு லீவுக்குப் போய்விட்டது, விட்டம் கணக்கில் மாட்டிக்கொண்டது. ‘விடுவு’ எனலாம். அல்லது ‘ஈவு’. ஈதல் என்றால் கொடுத்தல். உடை உடலுக்கு இடம் ஈகிறது. ஒலியும் ஈஸுக்கு நெருக்கம்.
– தாம்பரம்

---

ஈவு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. மாணவிகள் 46-ஐ 36-ஆல் வகுக்க உட்காருவார்கள். ‘விடு’வில் இன்னும் பெரிய ஆபத்து. தையலுக்கு விடுவதையும் ‘விடு’ என்றுதான் சொல்கிறோம். பல அமெரிக்க பேட்டர்ன்களில் தையலுக்கான 5/8 அங்குலம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். விடுவு என்று படித்துவிட்டு ஓரத்தில் மறுபடி 5/8 சேர்த்தால், இரு பக்கத் தையலுக்கு நான்கு ஓரம், சுற்றளவில் 2½ அங்குலம் கூடிவிடும்.

என் வாக்கு ‘தளர்வளவு’க்கு. வெறும் தளர்வு என்றால் தளர்ந்த பின்னல் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘அளவு’ சேர்ந்தால் டேப்பால் அளக்கும் ஒன்று என்று புரிந்துவிடும். நெய்த துணிச் சட்டையில் மூச்சுவிட, கை தூக்க 2–3 அங்குலம் வேண்டும்; அது அசைவுத் தளர்வளவு. பின்னல் துணியில் அந்த வேலையை இழுவையே பார்த்துக்கொள்ளும். ஆகவே ஸ்வெட்டரின் 10 முழுக்கத் தோற்றத்துக்காக விட்டது; தோற்றத் தளர்வளவு.
– பெரம்பூர்

---

தளர்வு தமிழில் முதுமைக்கும் சோர்வுக்கும் உரியது. தளர்நடை, தளர்ந்த உடல். உடைக்கு ஏன் அந்தச் சோர்வு? லெகிங்ஸுக்கு ‘−4 தளர்வளவு’ என்பீர்களா? கழித்தல் குறி போட்டுத் தளரும் பொருள் எது? இறுக்களவு என்று தனிச்சொல் வேண்டாமா?
– மயிலாப்பூர்

---

தனிச்சொல் வைத்தால் கூட்டல் கழித்தல் ஒரே வாய்பாட்டில் அடங்காது. உடலளவு + தளர்வளவு = உடையளவு. 36 + 10 = 46. 38 − 4 = 34. கரும்பலகையில் ஒரே வரி.
– பெரம்பூர்

---

இன்று இரவுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் ‘தளர்வளவு’ என்றே போடுகிறோம். முதல் இடத்தில் மட்டும் ‘லூஸ்’ பக்கத்தில் வரும். ‘சைஸை உடலளவு பார்த்தே தேர்ந்தெடுங்கள், தளர்வளவு பேட்டர்னில் அடக்கம்’ என்பதைக் கட்டம் கட்டி எழுதுகிறோம். பட்டித் திருத்தத்துக்கு நன்றி, அம்மா. தோள்பட்டைக்குக் கீழே இறங்கி நிற்கும் தோளுக்கு ‘இறங்கு தோள்’ என்று வைத்திருக்கிறோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.
– அம்பத்தூர்

---

இறங்கு தோள் வினைத்தொகை, நன்று. தளர்வளவை ஏற்கவில்லை. இரண்டாம் பதிப்பில் நெகிழ்வளவைப் பரிசீலியுங்கள். துணிக்கு இழுவை என்ற சொல் இருக்கும்போது நெகிழ்வு உடைக்குத்தானே மிஞ்சுகிறது?
– மயிலாப்பூர்