சொம்புக்கு 3.32

குழு: பெரிய வீடு, கடலூர்
ஆகஸ்ட், ஞாயிறு மாலை

சிவா: அக்கா, யாழினி பள்ளியில் மறுபடியும் ஆக்டிவிட்டியாம். எரிமலை செய்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாகோல், பெயின்ட், சார்ட், பசை என்று பெரிய பட்டியல். கடையில் கேட்டால், ரெடிமேட் எரிமலையே இருக்கிறது சார், 350 ரூபாய் என்கிறார். வாங்கிவிடட்டுமா?

கலைச்செல்வி: வாங்கு. கடைக்காரர் ஏழாம் வகுப்பு பாஸ் ஆகிவிடுவார்.

சுமதி: நல்லா கேளுங்க அண்ணி. போன தடவை காற்றாலை. இவர்தான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து ஒட்டினார். அவள் எப்பவோ தூங்கிவிட்டாள்.

சிவா: மார்க் வந்ததா இல்லையா?

கலைச்செல்வி: வந்தது, உனக்கு. சரி, எரிமலைக்கு அப்புறம் வருகிறேன். எங்கள் ஏழாம் வகுப்பில் இந்த வாரம் வட்டம் நடத்துகிறேன். வீட்டில் வட்டமாக எது இருந்தாலும் எடுத்து வாருங்கள் என்றேன். வளையல், டிபன் மூடி, சல்லடை எல்லாம் வந்தது. ஒருவன் மீன் கூடையையே தூக்கி வந்துவிட்டான், வகுப்பு முழுக்க வாடை. நூலை ஒரு சுற்று சுற்றி சுற்றளவு எடுக்க வேண்டும். ஸ்கேலில் விட்டம். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இவ்வளவுதான். நீங்களும் இப்போதே ஆளுக்கு ஒரு பாத்திரத்தை அளந்து போடுங்கள். உல்லன் நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். பூ கட்டும் நூல் எடுங்கள்.

மணி மாமா: ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுப்பாடமா? உங்க அம்மா டீச்சராகியிருந்தால்கூட எங்களுக்கு இந்தக் கொடுமை வந்திருக்காது.

சுமதி: தோசைக்கல். சுற்றளவு 94.5 செ.மீ., விட்டம் 30. வகுத்தால் 3.15.

யாழினி (அம்மா போனில்): அத்தை நான் சொம்பு வாயை அளந்தேன். 34.5, 10.4. எனக்கு 3.32 வருது.

மணி மாமா: அண்டா. 132, 16.5. எட்டு வருகிறது! சரியாக எட்டு! கலை, இந்தக் கணக்கையே மாற்றி எழுத வேண்டியதுதான்.

பிரவீன்: மாமா, எதில் அளந்தீர்கள்?

மணி மாமா: உன் அத்தையின் தையல் டேப்பில்தான்.

பிரவீன்: சுற்றளவை ஒரு பக்கத்தில், விட்டத்தை மறுபக்கத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் செ.மீ., மறுபக்கம் இஞ்ச். எந்த வட்டத்துக்கும் வர வேண்டிய 3.14-ஐ, ஒரு இஞ்சுக்கு உள்ள 2.54 செ.மீ.-ஆல் பெருக்கினால் எட்டுக்குக் கிட்டத்தான் வரும்.

மணி மாமா: 16.5 இஞ்ச் என்றால் 41.9 செ.மீ. இப்போது 3.15. ஏமாற்றமாக இருக்கிறது. எட்டு நன்றாக இருந்தது.

சிவா: யாழினியை நோட்டில் 3.14 என்றே எழுதச் சொல்லிவிடுகிறேன் அக்கா. நாளைக்கு அங்கே தப்பு போட்டுவிடப் போகிறார்கள்.

கலைச்செல்வி: கையை வைக்காதே. 3.32-ஐ அப்படியே விடு. புத்தகத்தில் இருக்கும் எண்ணை எழுதுவதற்கு நூல் எதற்கு, சொம்பு எதற்கு? யாழினி, நூலை எங்கே சுற்றினாய்? ஸ்கேலை எங்கே வைத்தாய்?

யாழினி: நூல் வெளிப்பக்கம். ஸ்கேல் வாய் மேல வச்சேன்.

கலைச்செல்வி: விளிம்பிலிருந்து விளிம்பு வரையா, ஓட்டையை மட்டுமா?

யாழினி: ஓ. உள் பக்கம்தான் அளந்தேன். விளிம்பு மடிச்சு தடியா இருக்கு.

கலைச்செல்வி: இப்போது சொம்பைப் படுக்க வைக்காமல் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் மெல்லிய புத்தகத்தைப் படுக்க வைத்து, வாய் விளிம்பில் முட்டும்படி நெருக்கு. சொம்பை எடுத்துவிட்டுப் புத்தகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அள.

யாழினி: 10.9! அப்போ 3.17.

சிவா: இன்னும் 3.14 வரவில்லையே.

கலைச்செல்வி: வராது. நூலுக்கே தடிமன் உண்டு, சொம்பு வாயும் அச்சு மாதிரி வட்டம் இல்லை. நீ படித்த 22/7-கூட நெருங்கிய எண்தான். கி.பி. 499-இல் ஆரியபட்டர் 20000 விட்டம் உள்ள வட்டத்துக்கு 62832 சுற்றளவு என்றார். அதாவது 3.1416. அவரே ‘கிட்டத்தட்ட’ என்று சேர்த்துக்கொண்டார். நீதான் சொம்பிடம் கறாராக இருக்கிறாய்.

என் வகுப்பிலும் இதேதான் நடந்தது. பத்துப் பேர் பத்து விடை சொன்னார்கள். யாருடையது சரி என்று ஒரே சண்டை. அந்தச் சண்டையில்தான் நூலை இழுத்துப் பிடித்தவன் யார், தொளதொள என்று விட்டவன் யார் என்பது வெளியே வந்தது. அப்புறம் சைக்கிளுக்குப் போனோம். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளந்தோம். அதே சைக்கிளில் ஒரு பையனை உட்கார வைத்து உருட்டினால் தூரம் இரண்டு, மூன்று செ.மீ. குறைகிறது. ஏன் என்று கேட்டேன். டயர் அமுங்குது டீச்சர், சக்கரம் குள்ளமாயிடுச்சு என்றாள் கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி. கணக்கு வகுப்பில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

சுமதி: உங்கள் பள்ளியில் இதற்கெல்லாம் காசு ஏது அண்ணி?

கலைச்செல்வி: நூலுக்கு என்ன காசு? வானவில் மன்றம் என்று 2022-இல் ஆரம்பித்தார்களே, 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கருத்தாளர் பொருள்களோடு பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுவார். நல்ல திட்டம். ஆனால் அவர் போன பிறகு நான் கரும்பலகைக்கே திரும்பிவிட்டால் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் வேடிக்கைதான்.

அம்மா (குரல் பதிவு): தோசைக்கல்லை எவ எடுத்துக்கிட்டுப் போனா? மாவு பொங்கி வழியுது. அளந்தது போதும், கொண்டாந்து அடுப்புல வைங்க.

சுமதி: வைத்துவிட்டேன் அத்தை.

சிவா: அப்போ எரிமலை?

கலைச்செல்வி: எரிமலையில் ஆப்பசோடாவும் வினிகரும் நுரைப்பதைக் காட்டுவார்கள். நிஜ எரிமலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த நுரையில் விஷயம் இருக்கிறது. யாழினி, ஒரே மாதிரி நாலு தண்ணீர் பாட்டில் எடு. நாலிலும் ஒரே அளவு வினிகர் ஊற்று. நாலு பலூனில் அரை, ஒன்று, இரண்டு, மூன்று ஸ்பூன் ஆப்பசோடா போட்டு, பாட்டில் வாயில் மாட்டித் தூக்கிவிடு. கரியமில வாயு பலூனை ஊதும். அதே பூ நூலால் பலூனின் சுற்றளவை அள.

யாழினி: சோடா ஏத்த ஏத்த பலூன் பெருசாகுமா?

கலைச்செல்வி: செய்து பார். ஒரு கட்டத்துக்கு மேல் ஏன் பெரிதாகவில்லை என்று நீயே வந்து சொல். சிவா, நீ பக்கத்திலேயே போகாதே.

சிவா: எரிமலை எங்கே என்று கேட்டால்?

கலைச்செல்வி: பாட்டிலைச் சுற்றிக் களிமண் அப்பிக்கொள்ளட்டும். பெண்ணையாற்று மண்ணுக்கா பஞ்சம்?

பிரவீன்: அக்கா, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

கலைச்செல்வி: இந்த வாரமே இருக்கிறது, நிழலில்லா நாள். 21-ஆம் தேதி வாக்கில் கடலூரிலும் புதுச்சேரியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக ஒரு குழாயை நட்டால் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும்.

மணி மாமா: தினமும் பன்னிரண்டு மணிக்கு உச்சியில்தானே இருக்கிறது?

கலைச்செல்வி: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம் மாமா. நம் ஊரில் வருஷத்துக்கு இரண்டே தடவைதான். ஏப்ரல் 21 வாக்கில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. ஏப்ரலில் பிள்ளைகள் பரீட்சையில் இருப்பார்கள், ஆகஸ்ட்தான் தோது. அதுவும் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை, 12.14 வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, கடலூர் அதற்கு மேற்கே இருக்கிறது. 11.45-இலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லப் போகிறேன். மேகம் மட்டும் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

பிரவீன்: டெல்லியில் எப்போது?

கலைச்செல்வி: உனக்குக் கிடையாது. கடகரேகைக்கு வடக்கே என்றைக்கும் நேர் உச்சிக்கு வராது.

பிரவீன்: வாடகையும் அதிகம், இதுவும் கிடையாதா?

கலைச்செல்வி: மாமா, மாடியில் பிவிசி பைப் துண்டு மிச்சம் கிடந்ததே, இருக்கிறதா?

மணி மாமா: இரண்டடித் துண்டு ஒன்று இருக்கிறது. கோணலாக நின்றால் உன் நிழல் கணக்கு போச்சு. எதிர்வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்கி வைக்கிறேன்.

கலைச்செல்வி: நாளைக் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் வந்து எடுத்துக்கொள்கிறேன். ஏழரைக்கு.

மணி மாமா: எட்டுக்கு வா. கேட் பூட்டியிருக்கும்.