வலியை மறந்துபோனால், பட்டது யார்? செவரன்ஸ் பார்த்தபின் ஒரு கேள்வி

அம்பைக்காரன் கேட்டது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ‘செவரன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் இரண்டாவது சீசன் கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். தெரிந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லூமன் என்று ஒரு கம்பெனி. அங்கே ஒரு தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூளையில் சிப் வைத்துவிடுவார்கள். லிஃப்டில் இறங்கியதும் வெளி வாழ்க்கை மறந்துபோகும், ஏறியதும் ஆபீஸ் மறந்துபோகும். மார்க்குக்கு மனைவி ஜெம்மா கார் விபத்தில் இறந்த துக்கம். பகலில் எட்டு மணி நேரமாவது அதை மறந்திருக்கலாம் என்று சிப் வைத்துக்கொள்கிறான். வெளியே இருக்கிற மார்க்குக்கு வேலை பார்த்த ஞாபகமே கிடையாது. உள்ளே இருக்கிற மார்க்குக்கோ வேலையைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. ராத்திரி, தூக்கம், ஞாயிற்றுக்கிழமை எதுவும் அவன் கண்டதில்லை. லிஃப்ட் கதவு மூடும், திறக்கும், மறுபடி அதே வெள்ளை வராந்தா.

2022-ல் வந்த முதல் சீசனையும் 2025-ல் வந்த இரண்டாவதையும் செங்கோட்டை பாசஞ்சரில் வேலைக்குப் போகவர போனில்தான் பார்த்தேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் அடிமைத்தனத்தைப் பேசுகிறார்கள். அது சரிதான். என்னை விடாமல் உறுத்துவது வேறு இரண்டு இடம்.

ஒன்று, முதல் சீசனில் மார்க்கின் சகோதரி டெவன் பிரசவத்துக்குப் போகிற இடம். பக்கத்துக் கேபினில் ஒரு செனட்டரின் மனைவி இருப்பாள். நன்றாகப் பேசுவாள். பிறகு பூங்காவில் குழந்தையோடு பார்க்கும்போது டெவனை யார் என்றே தெரியாது அவளுக்கு. பிரசவ வலிக்கென்றே சிப் வைத்துக்கொண்டவள். இன்னொன்று, இரண்டாவது சீசனில் ஜெம்மா. அவள் சாகவில்லை, லூமனின் அடித்தளத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் அவளுக்குள் ஒரு புது ஆள் விழிக்கிறாள். ஒருத்திக்குப் பல் ஆஸ்பத்திரி நாற்காலி மட்டும்தான் உலகம். இன்னொருத்திக்கு ஆட்டம் காணும் விமானம் மட்டும்தான். வெளியே வந்ததும் ஜெம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, உடம்பில் வலி மட்டும் மிச்சமிருக்கும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். மிடசோலம் எங்கள் கையில் தினமும் புழங்குகிற மருந்து. நோயாளியிடம் ‘தூங்க வைக்கிற ஊசி’ என்போம். சின்ன டோஸில் ஆள் முழுசாகத் தூங்குவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், வாயைத் திறங்க என்றால் திறப்பார். அப்போது நடப்பது மட்டும் நினைவில் பதியாது. அந்த மருந்து வலியைக் குறைக்காது, அதற்குத்தான் கூடவே ஃபென்டனில் கொடுப்பது.

சமீபத்தில் வாழைத்தார் ஏற்றுகிற லோடுமேன் ஒருவர் தோள் மூட்டு விலகி வந்தார். மருந்து ஏற்றியாயிற்று. டாக்டர் கையைப் பிடித்து இழுத்து மூட்டை உள்ளே தள்ளும்போது, ‘ஏ ஆத்தா’ என்று ஒரு சத்தம். என் மணிக்கட்டை அவர் மறுகை பிடித்திருந்தது. மூட்டு டொக்கென்று உட்கார்ந்தது, அமைதியாகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னிடம், ‘எப்ப சார் ஆரம்பிப்பீங்க?’ என்றார். முடிந்துவிட்டது என்று சொன்னதும் நம்பவில்லை, தோளைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். என் மணிக்கட்டில் அவருடைய நான்கு நகமும் பதிந்து சிவந்து கிடந்தது.

என் கேள்வி இதுதான். அந்தச் சத்தம் போட்டது யார்? மறந்துவிட்டதால் வலி இல்லாமல் ஆகிவிடுமா? எப்படியும் மறக்கத்தானே போகிறார் என்று எண்ணி வலி மருந்தைக் குறைத்தால் அது தப்பு என்று எனக்குள் உறுதியாகத் தெரிகிறது. ஏன் தப்பு என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இந்தத் தொடர் அதைத்தான் கேட்கிறது என்று படுகிறது.

அப்புறம் கடைசிக் காட்சி. உள்ளே இருக்கிற மார்க் ஜெம்மாவைப் படிக்கட்டுக் கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவள் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட, உள்ளே கூட வேலை செய்கிற, அவன் காதலிக்கிற ஹெலி பக்கம் திரும்பி ஓடுகிறான். என் மனைவி துரோகம் என்கிறாள். நான் அவன் பக்கம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆலங்குளம் தம்பி எழுதியது:

அண்ணாச்சி, நான் மைனி கட்சி. கட்டின பொண்டாட்டி கதவைத் தட்டி அழுதுகிட்டு நிக்கா, இவன் இன்னொருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதான். உடம்பு யாருது? வெளியே இருக்கிற மார்க்குது. முப்பது நாப்பது வருசம் சோறு போட்டு வளர்த்த உடம்பு. உள்ளே இருக்கிறவன் வந்து ரெண்டு வருசம்தான் ஆகுது. வாடகைக்கு வந்தவன் வீட்டை எழுதி வாங்குன கதைதான் இது. வலி விஷயத்தில் நீங்க சொல்றது நியாயம்தான், அதுல எனக்குச் சண்டை இல்ல.

பேட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி தத்துவத்தில் பழைய கேள்வி. கல்லூரியில் நான் பல வருடம் பாடம் நடத்திய இடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694-ல், ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஒரு மனிதன் நேற்றும் இன்றும் ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது விஷயம். உடம்பை வைத்து அல்ல, உணர்வை வைத்து என்கிறார். தன் பழைய செயலை இது நான் செய்தது என்று எவ்வளவு தூரம் உணர முடிகிறதோ அவ்வளவு தூரம் அதே ஆள். அதே அத்தியாயத்தில் ஒரு கற்பனை வருகிறது. ஒரே உடம்பில் பகலில் ஓர் உணர்வு, இரவில் இன்னோர் உணர்வு, ஒன்றுக்கு மற்றது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பகல் மனிதனும் இரவு மனிதனும் சாக்ரடீஸும் பிளேட்டோவும் போல இரண்டு பேர் இல்லையா என்று கேட்கிறார். லூமன் லிஃப்டை முன்னூறு வருடத்துக்கு முன்பே யோசித்து வைத்துவிட்டார் என்று சொல்லலாம்.

அந்தக் கணக்கில் போனால் உள்ளே இருக்கும் மார்க் வாடகைக்காரன் அல்ல, தனி ஆள். ஆலங்குளம் தம்பி உடம்புக்குப் பட்டா கேட்கிறார். ஹெலியின் வெளிப்பதிப்பும் அதையேதான் சொல்கிறாள். வேலையை விட்டுப் போக விடு என்று உள்ளே இருப்பவள் கெஞ்சும்போது, நான் மனுஷி, நீ இல்லை, முடிவெடுப்பது நான்தான் என்று வீடியோவில் பதில் வருகிறது. தொடர் முழுவதிலும் என்னைக் கலங்கடித்த இடம் அது. வெளி ஆள் ராஜினாமா செய்தாலும் உள் ஆள் அதோடு முடிந்துபோவாள், செய்யாவிட்டாலும் ஆயுள் தண்டனை. இரண்டுக்கும் கையெழுத்து அவளுடையது அல்ல.

ஆனால் லாக் சொன்னதை அப்படியே ஏற்க எனக்கு ஒரு தடை உண்டு. 1911-ல் கிளாப்பரேட் என்ற சுவிஸ் மருத்துவர் ஒன்றைப் பதிவு செய்தார். புது நினைவே தங்காத ஒரு பெண்மணி, தினமும் பார்க்கும் அவரையே அடையாளம் தெரியாது. ஒருநாள் கைகுலுக்கும்போது விரல்களுக்கிடையில் குண்டூசியை மறைத்து வைத்துக் குத்திவிட்டார். அடுத்த முறை அவர் யாரென்றும் தெரியவில்லை, ஊசி ஞாபகமும் இல்லை, ஆனாலும் கையைக் கொடுக்க மறுத்துவிட்டார் அந்த அம்மாள். அப்படியென்றால் மறந்தவளிடமும் வலி ஏதோ ஒரு மூலையில் தங்கியிருக்கிறது. தொடரிலும் மார்க்கோடு வேலை பார்க்கிற இர்விங், வீட்டில் உட்கார்ந்து அந்த இருட்டு வராந்தாவையே திரும்பத் திரும்ப வரைகிறான் இல்லையா? சுவர் முழுசாக எழும்பவில்லை. லாக் நினைத்தது போலச் சுத்தமாக இரண்டாகப் பிரிகிற ஆள் கிடையாது என்றுதான் நினைக்கிறேன்.

சேரன்மகாதேவி அக்கா எழுதியது:

நான் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கேபின் காட்சி கற்பனை என்று நினைக்க வேண்டாம், தம்பி. கிட்டத்தட்ட அது நடந்திருக்கிறது.

ஜெர்மனியில் ஃபிரைபர்க் என்ற ஊரில் 1900-களின் தொடக்கத்தில் டாக்டர்கள் நினைவை மங்க வைக்கிற ஸ்கோபோலமைனையும் வலியைக் குறைக்கிற மார்ஃபினையும் சேர்த்துப் பிரசவத்துக்குக் கொடுத்தார்கள். அரைத்தூக்கப் பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். அதனால் வலி இருக்கும், ஆனால் நினைவிருக்காது. சத்தம் போட்டு உருளுவார்கள் என்று கட்டிலைச் சுற்றி மெத்தை கட்டுவார்கள், கண்ணை மூடிக் காதில் பஞ்சு வைப்பார்கள், சில இடங்களில் கையைக் கட்டியும் போட்டிருக்கிறார்கள். விழித்ததும் அந்த அம்மா, வலியே தெரியாமல் பெற்றேன் என்று சந்தோஷமாகச் சொல்வாள். அமெரிக்காவில் 1914 வாக்கில் பெண்களே சங்கம் வைத்து எங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிரசவத்தில் செத்துவிடுவோமோ என்று பயந்த காலம் அது.

ஆனால் வார்டில் நின்றவளாக ஒன்று சொல்கிறேன். வலியின் உச்சத்தில் நம் கையைப் பிடிக்கிறவளுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. ‘அக்கா, விட்டுட்டுப் போயிராதிய’ என்பாள். அந்த நிமிஷத்தில் இருக்கிறவள் அவள்தான். நாளைக்கு மறந்துவிடுவாள் என்று நான் கையை உருவிக்கொண்டால், விடப்பட்டவள் அவள்தான், நாளைக்கு இட்லி சாப்பிடப்போகிறவள் இல்லை.

சாதாரணப் பிரசவத்திலும் பிள்ளை முகம் பார்த்ததும் வலி பாதி மறந்துபோகும். அது வேறு. பட்டவள் கையிலேயே பிள்ளை கிடக்கிறது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டிருக்கும்போது, பிள்ளை வெளியே வரும்வரை மிடசோலத்தைப் பொதுவாகத் தவிர்ப்பது உங்களுக்கே தெரியும். பிள்ளையின் மூச்சு மந்தமாகலாம் என்பது ஒரு காரணம், தாய்க்கு முதல் அழுகை நினைவில் நில்லாது என்பது இன்னொன்று. அந்தச் செனட்டர் மனைவி செய்தது என்ன? வலி ஒருத்திக்கு, பிள்ளை இன்னொருத்திக்கு. உள்ளே இருந்தவள் பிள்ளையை ஒரு நாள்கூட வளர்க்கப்போவதில்லை. அடுத்த பிரசவத்துக்குத்தான் அவளை மறுபடி எழுப்புவார்கள். எனக்கு அங்கே வயிறு எரிந்தது.

வள்ளியூர்க்காரர் எழுதியது:

எல்லோரும் வெளிநாட்டுக் கதையாகப் பேசுகிறீர்கள். நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவில் இதைப் பார்த்ததில்லையா?

எங்கள் சுடலைமாடன் கோயிலில் என் மாமாதான் கோமரத்தாடி, அதாவது சாமியாடுகிறவர். வில்லுப்பாட்டில் பிறப்புக் கதை முடிந்து மேளம் ஏறும்போது அவருக்கு அருள் வரும். நடுச்சாமத்தில் வேட்டைக்குச் சுடுகாடு போவார். மஞ்சப்பானை கொதிக்கும்போது தென்னம்பாளையை முக்கித் தன் மேல் அடித்துக்கொள்வார். குறி கேட்கிறவர்களிடம் பளிச்சென்று சொல்வார், ஊர்ப் பெரியவரையே ‘ஏல’ போட்டு அதட்டுவார். சாமி மலையேறியதும் சோடா குடித்துவிட்டு, ‘நான் என்னடே சொன்னேன்’ என்று எங்களைக் கேட்பார். திட்டு வாங்கிய பெரியவர் மறுநாள் டீக்கடையில் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பேசியது இவர் இல்லை என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் வேறு காரணம் சொல்லட்டும். நான் கவனித்தது வேறு. ஆடும்போது பின்னால் இரண்டு பேர் அவர் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். அத்தை தண்ணீரோடு ஓரத்தில் நிற்பாள். விரதம் பிடிப்பதும் அவர்தான், கொதிநீர் படுவதும் அவர் உடம்பில்தான். அவர் நினைவில்லாமல் இருக்கிற நேரத்துக்கு ஊரே பொறுப்பேற்றுக்கொள்கிறது. லூமனில் அந்தக் கச்சையைப் பிடிக்க ஓர் ஆள் உண்டா?

அம்பைக்காரன் மறுபடி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. நேற்று ரயிலில் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அக்கா சொன்னதில் எனக்குப் பிடி கிடைத்தது. தோள் விலகி வந்தவர் கையெழுத்துப் போட்டார். வலிக்கப்போவதும் அவருக்கு, தோள் சரியாகப்போவதும் அவருக்கு. நடுவில் சில நிமிடம் மட்டும் பதிவாகவில்லை. அந்தச் சில நிமிடத்தில் இருந்தவர் வேறு ஆள் என்று லாக் சொன்னாலும் சரி, அதே ஆள் என்று கிளாப்பரேட்டின் அம்மாள் காட்டினாலும் சரி, என் வேலை மாறவில்லை. சத்தம் போட்டவருக்கு வலி மருந்து போதுமான அளவு போய்ச் சேர வேண்டும். மறதி வலி மருந்தைச் சேர்ந்த கணக்கே இல்லை, அது தனி மருந்து, தனி சிரிஞ்ச்.

லூமன் செய்வது அங்கேதான் கோணுகிறது. கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், படுகிறவர் இன்னொருவர், படுகிறவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. ஜெம்மாவின் பல் நாற்காலிக்காரி யாருக்காக அதைப் பொறுத்துக்கொள்கிறாள்? அவளுக்குப் பல்கூட நிலைக்காது, அறையை விட்டு வந்ததும் அவளே இல்லை.

ஆலங்குளம் தம்பிக்கு: மைனி உன் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாள். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி எபிசோடில் இரண்டு மார்க்கும் வீடியோ கேமராவில் பதிந்து பதிந்து பேசிக்கொள்வதை இன்னொரு தடவை பார். வெளியே இருக்கிறவன் இரண்டு நினைவையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்கிறான், ஆனால் ஹெலியின் பேரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை, ஹெலினி என்கிறான். இவனுக்கு உயிரான பேர் அது. அந்த இடத்தில்தான் இவன் நம்பிக்கை போகிறது. அப்படியும் ஜெம்மாவைக் கதவு வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தானே திரும்பினான்? துரோகி என்றால் அதைச் செய்திருக்க மாட்டான். அதற்கு மேல் ஓர் எட்டு வைத்தால் தான் இருக்கமாட்டோம் என்று தெரிந்து நிற்கிறவனிடம், வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வள்ளியூர் அண்ணாச்சி, உங்கள் கோயில் கொடை எந்த மாதம்? கச்சை பிடிக்கிற அந்த இரண்டு பேரோடு பேச வேண்டும்போல இருக்கிறது. எந்த நேரத்தில் இறுக்கிப் பிடிக்கிறார்கள், எப்போது விடுகிறார்கள், மாமா கீழே விழப்போவது முன்கூட்டி எதில் தெரிகிறது என்றெல்லாம் கேட்க வேண்டும். வார லீவு அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்கிறேன்.