ஆட்கொணர்வு மனு தள்ளுபடியான பின் மேலே போக அனுமதி கேட்கத்தான் வேண்டுமா?

கொட்டகலை வாசி:
எங்கள் லயத்து அம்மா ஒருவரின் மகன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கொழும்பில் தடுத்து வைக்கப்பட்டார். காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே நீதவான் அவரை விளக்கமறியலில் வைத்தார். இனி அவர் இருப்பது நீதிமன்றக் கட்டளையின் பேரில்தான் என்று கூறி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதற்கு மேலே உள்ள, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 128ஆம் உறுப்புரைப்படி முதலில் அனுமதி பெறவேண்டுமாம். ஒருவரின் விடுதலைக்கும் காணித் தகராறுக்கும் ஒரே படலையா?

கண்டி சட்ட மாணவன்:
அந்தப் படலை பூட்டியதல்ல. கேள்வி பொது முக்கியத்துவம் வாய்ந்தது என்று உயர் நீதிமன்றம் திருப்தியடைந்தால் அனுமதி வழங்கியே ஆகவேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. உங்கள் சிக்கல் வேறு. ஆட்கொணர்வு மனு கேட்பது, இன்றைய காவலுக்குச் சட்ட அடிப்படை உண்டா என்பதை மட்டுமே. நேற்றைய தவறுக்குரிய பரிகாரம் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு. அதற்கு ஒரு மாத அவகாசம்தான்.

மஸ்கெலியா ஆசிரியை:
அப்படியானால் மனு விசாரணைக்கு வரும் முன்னர் ஆளை நீதவான் முன் நிறுத்திவிட்டால் போதும், எந்த மனுவும் செத்துவிடும் என்றாகிறதே! 1937இல் மடுல்கலைப் பக்கத் தோட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளையரை நாடுகடத்த ஆளுநர் கட்டளையிட்டபோது, பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் இதே ஆட்கொணர்வு மனுவில் அவரை விடுவித்தது. ஆளுநரின் கட்டளையையே உரசிப் பார்த்த நீதிமன்றம் அது.

கண்டி சட்ட மாணவன்:
அந்த வழக்கு இங்கே உதவாது, சகோதரி. அங்கே காவலின் ஒரே அடிப்படை ஆளுநரின் கட்டளை. இடையில் நீதவான் எவரும் வரவில்லை. தவிர, மனு வென்றது. தள்ளுபடிக்கு எதிரான மேன்முறையீடு பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மஸ்கெலியா ஆசிரியை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். கொழும்பில் வைத்திருந்த அதே இளைஞருக்காக மேல் மாகாண மேல் நீதிமன்றத்திலும் மனுப் போட்டிருக்கலாம். அது தள்ளுபடியானால் அரசியலமைப்பின் 154P(6)இன்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உரிமையோடு போயிருக்கலாம். நேராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டதால், முதல் மேன்முறையீட்டுக்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. மனுவை எந்த நீதிமன்றத்தில் போட்டோம் என்பதே அவருடைய மேன்முறையீட்டு உரிமையையும் தீர்மானிப்பது எந்த வகையில் நியாயம்?

கண்டி சட்ட மாணவன்:
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அனுமதி மனுவிலேயே அந்த ஏற்றத்தாழ்வைச் சட்டக் கேள்வியாக எழுப்பலாம். பொது முக்கியத்துவம் என்ற வாசகத்துக்குள் அது அடங்கும் என்றே நினைக்கிறேன்.

பதுளை வாசகர்:
இருவரும் நாள் கணக்கை மறந்துவிட்டீர்கள். உயர் நீதிமன்றத்துக்கான விசேட அனுமதி மனுவுக்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து ஆறு வாரந்தான். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அதைத் தமிழில் விளங்கிக்கொள்ளவே ஒரு வாரம் ஓடிவிடும். கொழும்புக்கு ஒருமுறை போய்வந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், போய்விடும். சட்ட உதவி ஆணைக்குழுவை நாடினீர்களா? கைதான ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் 126க்கான ஒரு மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

கொட்டகலை வாசி:
முதல் வாரத்திலேயே முறையிட்டார்கள். பதிவிலக்கம் எழுதிய துண்டு அம்மாவிடம் இருக்கிறது. தீர்ப்பு வந்து இன்றோடு 19 நாள். நாளைக் காலை அவரைச் சட்ட உதவிக்கு அழைத்துப் போகிறேன்.