பணம் தரப்படும் ஆய்வுக்கு மாணவர்களைச் சேர்த்த அனுபவம்

பினாங்கில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தபோது, மின்னியல் பொறியியல் மாணவர்கள் ஒரு மின்சுற்றுப் படத்தில் பழுதைத் தேடும் நேரத்தில் அவர்களுடைய பார்வை எங்கெங்கே தங்குகிறது என்பதைக் கண்ணசைவுப் பதிவுக் கருவியால் அளக்கும் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் தீவில், குளுகோரில் இருக்கிறது. அதன் பொறியியல் வளாகமோ பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கிறது. கருவி தீவில் இருந்ததால், எங்களுக்கு வேண்டிய மாணவர்கள் பாலத்தைக் கடந்து வர வேண்டியிருந்தது. பயணத்துக்கும் நேரத்துக்கும் ஈடு தராமல் அவர்களை அழைப்பது நியாயமாகாது. மனமில்லாதவரையும் இழுத்துவிடும் அளவுக்குத் தொகையை உயர்த்துவதும் தவறு.

இந்திய மாணவர்களின் புலனக் குழுவில் அறிவிப்பைப் போட்டதும் பலர் உடனே பெயர் கொடுத்தார்கள். அந்த வேகமே எனக்குக் கவலை தந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தகவல் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "நீங்க கேட்டா சரிதான் அக்கா" என்று ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திடப் போனார். நம்மவர்களிடையே அக்கா, தம்பி என்ற உறவு எவ்வளவு இனிமையானதோ, மறுப்புச் சொல்வதை அவ்வளவு கடினமாக்கவும் செய்யும். தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படிக்கும்படி சொன்னேன். மறுநாள், தம் கண்களைப் பதிவு செய்வதில் விருப்பமில்லை என்று எழுதியிருந்தார். அவர் அப்படி எழுதியதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

இதைவிடச் சிக்கலானது இன்னொரு சந்திப்பு. விரிவுரையாளர் ஒருவர், உதவும் எண்ணத்தோடுதான், தம் வகுப்பின் பெயர்ப்பட்டியலைத் தந்து, கலந்துகொள்வோருக்குத் தொடர் மதிப்பீட்டில் புள்ளிகள் சேர்ப்பதாகச் சொன்னார். நான் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். 1964இல் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி அறிக்கை, ஆய்வாளரைச் சார்ந்திருக்கும் நிலையில் உள்ளவரிடம், அந்த உறவுக்குத் தொடர்பில்லாத ஒருவரே ஒப்புதல் கேட்க வேண்டும் என்கிறது. அது மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டதுதான்; ஆயினும் புள்ளி போடும் கையே ஒப்புதலையும் கேட்டால், மாணவர் எதற்காகத் தலையசைத்தார் என்று யாரால் சொல்ல முடியும்? விரிவுரையாளர் வாதம் செய்யாமல் ஏற்றுக்கொண்டு, அறிவிப்பை மட்டும் பலகையில் ஒட்ட அனுமதித்தார்.

மாணவர்கள் அதிகம் கேட்டது பணத்தைப் பற்றித்தான், அது இயல்பே. பாதியில் எழுந்து போனால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி நேராகவே கேட்டார். இருந்த நேரத்துக்குரிய பங்கு கிடைக்கும் என்று தகவல் தாளிலேயே எழுதியிருந்ததைக் காட்டினேன். தடித்த கண்ணாடி அணிந்த ஒருவருக்குக் கருவி சரியாகப் பொருந்தவில்லை, தரவு எதுவும் தேறவில்லை. அவர் பாலம் தாண்டி வந்தவர் என்பதால் முழுத் தொகையும் கொடுத்தோம். பற்றுச்சீட்டில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கட்டாயம் என்றதும் சிலர் தயங்கினார்கள். பற்றுச்சீட்டுகள் அலுவலகக் கணக்குக் கோப்புக்குப் போகும், ஆய்வுத் தரவில் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும், இரண்டும் ஓரிடத்தில் வைக்கப்படமாட்டா என்று விளக்கிய பிறகே அவர்கள் கையெழுத்திட்டார்கள்.